தள்ளி உட்கார்ந்த இரண்டு வருஷம்

1

பெங்களூரில் குடியிருப்பவளைப் புலம்பெயர்ந்தவள் என்று சொன்னால் குடியாத்தத்தில் சிரிப்பார்கள். "காலையில ரயில் ஏறினா மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம், இதுக்குப் போயி இன்னா பெருமூச்சு?" என்று என் தம்பியே கேட்பான். அவன் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் பதினெட்டு வருஷமாக, வாசலைத் தாண்டியதும் நான் வேறொரு பாஷைக்குள் காலை வைக்கிறேன். ரேஷன் கார்டில் என் பெயரை இன்னமும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். பெற்ற பெண் தமிழில் சண்டையை ஆரம்பித்து இங்கிலீஷில் முடிக்கிறாள். தூரத்தை மணிக்கணக்கில் அளப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் என் மகள் திவ்யா ஒரு படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பத்தாவது முடித்துவிட்டாள். மைசூரில் ஹாஸ்டலில் தங்கி மேலே படிக்கப் போகிறாள். அந்த ஹாஸ்டலின் உடல்நலப் படிவம் அது. பெயர், உயரம், எடை எல்லாம் நிரப்பிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஃபேமிலி ஹிஸ்டரி கேக்கிறாங்க. ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு பரம்பரை வியாதி, இன்னொண்ணு தொத்து வியாதி. அப்பா தீரிகிட்டாங்கல்ல, அப்பாவோடத எதுல எழுதறது?"

கன்னடத்தில் காலமானார் என்பதற்கு "தீரிகொண்டரு" என்பார்கள். அதைத்தான் அவள் தமிழாக்கிச் சொன்னாள். அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அடுப்பைப் பார்க்க எழுந்தேன்.

"விடு. நான் அப்புறமா எழுதித் தரேன்."

"எப்பவும் இப்படித்தான். அப்பாவைப் பத்திக் கேட்டா ஒனக்கு ஒடனே ஒரு வேலை வந்துடும்" என்றாள். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் ஒருவர் அந்தக் கேள்விக்குத் தானே ஒரு பதிலை எழுதிக்கொண்டு, அந்தப் பதிலோடு இரண்டு வருஷம் ஒதுங்கி வாழ்ந்து, ஒதுங்கியபடியே செத்தார். அந்தப் பதிலை அவர் கையில் கொடுத்தவள் நான்.

2

என் பெயர் மல்லிகா. கல்யாணமாகி 1991இல் இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் தனபால் ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வீடு ஜோகுபாளையத்தில். எங்கள் சந்தில் பாதிப் பேர் தமிழர்கள்தான். இருந்தாலும் அந்த வருஷக் கடைசியில் காவிரித் தகராறு வந்து ஊர் அடங்கிக் கிடந்தபோது, "பஸ்ல வாயத் தொறக்காத மல்லி, தலைய மட்டும் ஆட்டு" என்று சொல்லி அனுப்பினார். தலையை ஆட்டப் பழகிக்கொண்டேன். பிரச்சினை ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வேலூரில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்திருந்ததால் ஓர் ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது. உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டு, மருந்து பாட்டிலில் மிதந்தபடி எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்துக் கட்டியாக்குவோம். தீப்பெட்டியைவிடச் சின்னதாக இருக்கும் அந்தக் கட்டிக்குப் பிளாக் என்று பெயர். பிளாக்கை இயந்திரத்தில் பொருத்தி, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பதுதான் என் வேலை. பார்த்து முடிவு சொல்வது டாக்டர். எனக்கு எண்கள் மட்டும்தான். ஆள் யார், வயது என்ன, பிள்ளைகள் உண்டா என்றெல்லாம் யோசித்தால் கை நடுங்கும். அதனால் யோசிப்பதில்லை.

திவ்யா 93இல் பிறந்தாள். காலையில் நான் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவேன். அவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது ஷிப்ட். அதனால் பிள்ளைக்குத் தலை சீவிப் பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அவர் வேலையாயிற்று. இரும்போடு புழங்கிய அந்தக் கை போடும் இரட்டைப் பின்னல் மாலைவரை அவிழாது. ரிப்பனை மடக்கிக் கட்டுவதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். "உங்கப்பா பின்னினதா, மெஷின்ல பின்னினதா?" என்று டீச்சர் கேட்டாளாம். அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அல்சூர் ஏரிவரை நடப்பார். ஏழு வயதிலும் தோள்தான். "எறக்கி வுடுங்க, கால் தரையில இழுக்குது" என்று நான் சொல்வேன். "இன்னும் ஒரு வருஷம் தாங்குவேன்" என்பார்.

3

2000இல் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்து ஆறேழு மாதம் கருணைக்கிழங்கும் லேகியமுமாக ஓட்டினார். என்னிடமும் முழுசாகச் சொல்லவில்லை. இடுப்பில் பேன்ட் தளர்ந்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்ட அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்டினோம். பதிவு கவுன்டரில் இருந்தவர் எந்தப் பிரிவு என்று கன்னடத்தில் கேட்டார். பத்து வருஷம் இங்கே இருந்தும், பதற்றத்தில் எனக்குத் தமிழ் வார்த்தையோடு ஓர் உகரத்தைச் சேர்க்கத்தான் தெரிந்தது. "குடலு" என்றேன். அவர் தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டி, "கூதலா? அதற்குத் தோல் டாக்டர்" என்றார். கன்னடத்தில் கூதலு என்றால் தலைமுடி. குடலுக்குக் கருளு என்று பெயர். பக்கத்தில் நின்ற தனபால் அந்த வலியிலும் சிரித்தார். "முடி கொட்டுதுன்னு எழுதிக்கச் சொல்லு, அதுக்கு வைத்தியம் சுலபம்." அவர் அப்படிச் சிரித்ததைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்கா என்று இப்போது யோசிக்கிறேன். ஞாபகம் பிடிபடவில்லை.

இரண்டு நாள் கழித்து, அவர் குடலில் இருந்து கிள்ளியெடுத்த துண்டு என் மேசைக்கு வந்தது. வேறு யாராவது செய்யட்டும் என்று மேடம் சொன்னார். மேடம் என்பது எங்கள் பிரிவின் தலைமை டாக்டர், ஷிமோகாப் பக்கத்துக்காரர். நானே செய்கிறேன் என்றேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.

கேன்சர்தான். முப்பத்தொன்பது வயது. கட்டியை அறுத்தெடுத்து, மலம் வெளியேற இடது வயிற்றில் துளை போட்டுப் பை பொருத்தினார்கள். மருந்து ஏற்றினார்கள். நான்கைந்து மாதத்தில் கொஞ்சம் தேறி, மறுபடியும் பிள்ளைக்குத் தலை பின்ன ஆரம்பித்தார். ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

"நான் இன்னா தப்பு பண்ணேன் மல்லி? குடியில்ல, பீடியில்ல. கேன்டீன்ல கண்ட எண்ணெய்ல போட்ட போண்டா துண்ணதாலயா? ஷிப்ட்டு மாத்தி மாத்தித் தூங்கினதாலயா?"

ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்துத் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்களும் தங்கள் பங்குக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை.

4

அந்தச் சமயத்தில் எங்கள் லேபில் மேல்படிப்பு படிக்கும் ஒரு டாக்டர் பையன், மேடத்தின் மேற்பார்வையில், பழைய குடல் கட்டிகளின் பிளாக்குகளை எடுத்து ஒரு சோதனை செய்துகொண்டிருந்தான். குடல் கேன்சர் கட்டிக்குள் வைரஸின் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று தெரிந்துவிட்டது, ஈரல் புற்றுக்கும் தெரிந்துவிட்டது, குடலுக்கு மட்டும் ஏன் இருக்கக்கூடாது என்று வெளிநாடுகளில் அப்போது பேசிக்கொண்டிருந்தார்களாம்.

பிளாக் சீவிக் கொடுப்பது நான். அதற்கு ஒரு கண்டிப்பான விதி இருந்தது. ஒரு பிளாக் முடிந்ததும் பிளேடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பிளேடு மாற்ற வேண்டும். கையுறையும் புதுசு. இயந்திரத்தை மருந்து போட்டுத் துடைக்க வேண்டும். ஒருவர் திசுவின் துகள் அடுத்தவர் திசுவில் பட்டுவிட்டால், இல்லாத வைரஸ் இருப்பது போலக் காட்டிவிடும். முடிவு பொய்யாகிவிடும். அதற்காகத்தான் அத்தனை ஜாக்கிரதை.

பட்டியலில் பெயர்கள் இல்லை, எண்கள்தான். ஆனால் ஓர் எண் எனக்கு மனப்பாடம். என் கையாலேயே எழுதி ஒட்டிய எண் ஆயிற்றே. அதையும் சீவிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, அந்தப் பையன் காபி குடிக்கப் போயிருந்தபோது, அவன் மேசையில் விரித்திருந்த நோட்டைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்த எண்ணுக்கு நேரே ஒரு கூட்டல் குறி இருந்தது.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை, போண்டாவும் இல்லை, ஷிப்ட்டும் இல்லை, எங்கேயோ எப்போதோ கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நுழைந்த ஒன்று, அவ்வளவுதான். இதைச் சொன்னால் மனசு ஆறுவார் என்று நினைத்தேன். வீட்டில் எனக்குப் பேச இருந்த ஒரே ஆள் அவர். தலையை ஆட்டியே பழகியவள், அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

"ஏங்க, நீங்க ஒண்ணும் பண்ணல. அது ஒரு வைரஸா இருக்கலாமாம். உங்க கட்டியில அதோட அடையாளம் தெரியுது."

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது.

"வைரஸ்னா, சளிக்காய்ச்சல் மாதிரியா?"

"அந்த ஜாதிதான். ஆனா…"

"எப்படிப் பாத்தாங்க?"

பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். பிளாக்கு, பிளேடு, கையுறை, துடைப்பது என்று ஒன்று விடாமல். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டார். சோற்றை முடிக்காமல் எழுந்து, தட்டைத் தானே கழுவினார். வழக்கமாகக் கவிழ்த்து வைக்கும் கூடையில் வைக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் தனியாக நிறுத்தி வைத்தார்.

5

அடுத்த நாள் காலையிலிருந்து திவ்யாவுக்குப் பின்னல் கிடையாது. "அப்பாக்குக் கை வலிக்குதும்மா, கமலம்மா ஆன்ட்டிகிட்ட போ" என்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சோப்பு தனி, துண்டு தனி, டம்ளர் தனி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். பிள்ளை உள்ளே வந்தால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவள் மடியில் ஏற வந்தால், "அப்பா வயித்துல பை இருக்குல்ல, தள்ளி ஒக்காரு" என்பார். முதலில் பைக்குப் பயந்துதான் என்று நானும் நம்பினேன். ஒரு நாள் அவள் அவருடைய டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டாள். அவர் கத்திய கத்தலில் சந்தே எட்டிப் பார்த்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மறுநாளே மேடத்திடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நோட்டைப் பார்த்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"மல்லிகா, இந்த மாதிரி வைரஸ் நம்மள்ல முக்காவாசிப் பேருக்குள்ள சின்ன வயசுலயே வந்து சும்மா படுத்துட்டிருக்கும். எனக்கு இருக்கும், ஒனக்கு இருக்கும், ஒன் மகளுக்கும் இருக்கலாம். கட்டிக்குள்ள அது இருக்குன்னா, அதுதான் கட்டியை உண்டு பண்ணிச்சுன்னு அர்த்தம் இல்ல. சில லேப்ல தெரியுது, சில லேப்ல தெரியவே இல்ல. சம்பந்தம் இருக்கா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனா ஒண்ணு தெரியும். கேன்சர் தொட்டா ஒட்டாது. அவர மகள மடியில வெச்சுக்கச் சொல்லு."

இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் படித்தது ஐ.டி.ஐ. அவருக்குப் புரிகிற மாதிரி இருக்கட்டும் என்று நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்.

"கரையான் புத்தெடுக்கப் பாம்பு குடி புகுந்துதுன்னு சொல்லுவாங்கல்ல, அது மாதிரிங்க. புத்தைக் கட்டினது வேற எதுவோ. இது சும்மா உள்ள வந்து படுத்திருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"சரி. பாம்பு இருக்கிற புத்துன்னு தெரிஞ்சப்பறம், புள்ளைய அதுகிட்ட வெளையாட வுடுவியா?"

"தொட்டா ஒட்டாதுன்னு மேடமே சொல்றாங்க!"

"சம்பந்தம் இருக்கா இல்லையான்னு தெரியாதுன்னும் அவங்கதான சொன்னாங்க? நீயே ஒவ்வொரு கட்டிக்கும் பிளேடு மாத்தறேன்ன. எதுக்கு மாத்தற? ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்குப் போவக் கூடாதுன்னுதான?"

அது சோதனைக்காக, ஒட்டும் என்பதற்காக அல்ல என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஒரு தடவையும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

அவருடைய அம்மா குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். காசநோய் வந்து போனார் என்று எனக்குத் தெரியும். தனபாலுக்கு ஓர் அண்ணன் இருந்ததும், அவன் பதினான்கு வயதில் போனதும் தெரியாது. அண்ணன் அம்மா பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம் பிடித்துப் படுத்தவன். அம்மா போன மறு வருஷம் அவனும் இருமி இருமிப் போனான். சின்னவரான இவரை மட்டும் அம்மா எதிர்வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டாள். தெருவைத் தாண்டி ஓடி வந்தால் விளக்குமாற்றைக் காட்டித் துரத்துவாளாம்.

"எங்கம்மாவுக்கு என்மேல ஆசையே இல்லன்னு நெனச்சிகினே வளந்தேன் மல்லி. பெரியவனாயித்தான் புரிஞ்சுது. அவ என்னைத் தொடல. அதனாலதான் நான் இருக்கேன். திவ்யாவும் வளந்து புரிஞ்சிக்கும்."

"காரணத்தையாவது அவகிட்ட சொல்லிடலாம்ங்க."

"வாணாம். ஒங்கப்பனுக்கு ஒட்டுற வியாதின்னு பள்ளிக்கூடத்துல சொல்லிப்புட்டா, எவன் அவ பக்கத்துல ஒக்காருவான்? எனக்கு வாக்கு குடு."

கொடுத்தேன்.

6

வீட்டுக்குள் அவர் வைத்த தூரம் மெல்ல வெளியிலும் பரவியது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் தட்டு தனியாக ஜன்னலில் இருப்பது வருகிறவர்கள் கண்ணில் படத்தானே செய்யும்? அவரே ஒதுங்குகிறாரென்றால் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிட்டது. திவ்யாவோடு விளையாட வரும் பிள்ளைகள் வாசலோடு நின்று கூப்பிட்டார்கள். நான் கொடுத்த காபியைப் பெரியவர்கள் ஆறவிட்டுப் போனார்கள். கமலம்மா மட்டும் வழக்கம்போல வந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டாள்: "ஏன்ரீ மல்லிகா, கருள குடி அது. யாக்கே தூர மாட்தாரே?"

கருள குடி என்றால் குடலின் தளிர். பெற்ற பிள்ளையைக் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள். ஏன் தள்ளி வைக்கிறார் என்று கேட்கிறாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

சில மாதங்களில் திவ்யா பின்னலே வேண்டாமென்று முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். வீட்டில் பேசுவதைக் குறைத்தாள். பேசினாலும் கமலம்மா வீட்டுக் கன்னடம்தான். அதில் பாதி தனபாலுக்குப் புரியாது. புரிந்தது போலச் சிரித்துக்கொள்வார்.

அந்த டாக்டர் பையன் சோதனையை மறுபடி செய்தான். புதிதாகச் சீவிக் கொடுத்தேன். இந்த முறை நானே தைரியமாகக் கேட்டேன். எனக்கு மனப்பாடமான அந்த எண்ணுக்கு நேரே கழித்தல் குறி. முதல் தடவை எங்கேயோ கலப்பு நேர்ந்திருக்கலாம், அல்லது இருக்கா இல்லையா என்று சொல்ல முடியாத அளவு கொஞ்சமாக இருந்திருக்கலாம் என்றான். ஓட்டமாக வந்து அவரிடம் சொன்னேன்.

"அப்படியா? சந்தோஷம்" என்றார். என் தலையில் கை வைத்தார். "என் நிம்மதிக்காகச் சொல்ற. தெரியும்." தட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை.

என்னை மட்டும் அவர் தள்ளி வைக்கவில்லை. பையைக் கழுவுவது, மாற்றுவது எல்லாம் நான்தான். "நீ லேப்ல எல்லாத்தையும் பாத்தவ, ஒனக்குத் தாங்கும்" என்பார். ஒட்டினால் எனக்கு ஒட்டட்டும் என்பதில் அவருக்கு மறுப்பில்லையா என்று ஒரு நாள் கோபம்கூட வந்தது. பிறகு, இந்த வீட்டில் அவர் தொடுகிற ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு கழுவினேன்.

2003இல் ஈரலுக்குப் பரவியது. கடைசி மாதம் ஆஸ்பத்திரியில். திவ்யாவுக்குப் பத்து வயது. சாயங்காலம் அழைத்துப் போவேன். வாசற்படியோடு நிற்கச் சொல்லிவிட்டு, "பாடம் படிச்சுக் காட்டும்மா" என்பார். அவள் கன்னடப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். அவளுடைய பிறந்தநாளுக்குச் சாக்லெட் கொண்டுவந்து நீட்டினாள். "மேசைல வெச்சுடும்மா" என்றார். வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் போன பிறகு அதை எடுத்துப் பிரிக்காமலே நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். அதை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து, மத்தியானம், நான் பக்கத்தில் இருக்கும்போது போனார்.

மேடமும் மாற்றலாகிப் போனார். அந்தச் சோதனை எந்த முடிவுக்கும் வராமல் நின்றுபோனது. இப்போதும் தினமும் ஏழு மணி பஸ்ஸில் அதே லேபுக்குப் போகிறேன், அதே இயந்திரம். குடலுக்கும் வைரஸுக்கும் சம்பந்தம் உண்டா என்று புதிதாக வருகிற டாக்டர்களைக் கேட்டுப் பார்ப்பதுண்டு. இன்னும் நிச்சயமாகத் தெரியாது என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொல்வதில் அவர்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

7

படிவத்தைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் திவ்யா மறுபடி கேட்டாள். உட்காரச் சொன்னேன்.

"பரம்பரைங்கிற எடத்துல எழுது. அதுவும் நிச்சயமா தெரியாது. ஆனா அப்பாவுக்குச் சின்ன வயசுலயே வந்ததால, இருபத்தொம்பது வயசுல நீ ஒரு தடவை பரிசோதனை பண்ணிக்கணும்னு டாக்டருங்க சொல்றாங்க. மறந்துடாத. தொத்து வியாதிங்கிற எடத்துல ஒண்ணும் எழுதாத."

"தொத்து இல்லன்னா எதுக்கும்மா தட்டு, டம்ளர் எல்லாம் தனியா இருந்துச்சு?"

அவருக்குக் கொடுத்த வாக்கை அன்றைக்கு உடைத்தேன். நோட்டில் பார்த்த கூட்டல் குறி, நான் போய்ச் சொன்னது, பாம்புப் புற்று, எதிர்வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்த பையன், எல்லாவற்றையும். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"அதுக்காகவா?" என்றாள். "அதுக்காக மட்டுமா?"

"வேற எதுக்கு?"

"அம்மா, அப்பா ஆபரேஷன் ஆயி வந்தப்ப, ஒரு நாள் ஜடை போட்டுட்டிருந்தாங்க. நான் மூக்கைப் பிடிச்சுட்டு, சீ, அப்பா நாறுதுன்னு சொல்லிட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல. எழுந்து போய்ப் பையை மாத்திட்டு வந்து ஜடையை முடிச்சாங்க. அதுக்கு அடுத்த நாள்லருந்துதான் என்னைத் தொடவே இல்ல. நான் சொன்னதாலதான்னு நெனச்சேன். எட்டு வயசுலருந்து அப்படித்தான் நெனச்சிட்டு இருக்கேன்."

அந்தக் காலையில் நான் ஏழு மணி பஸ்ஸில் இருந்திருப்பேன். எனக்கு எதுவும் தெரியாது. அவர் சொல்லவில்லை. கையை நீட்டி அவளைத் தொடப் போனேன். அவள் நகர்ந்துகொண்டாள்.

"அப்பா சொல்லல, சரி. அப்பா போயி ஆறு வருஷம் ஆச்சு. நீ ஏன் சொல்லல?"

வாக்கு கொடுத்திருந்தேன் என்றேன். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் சொன்னேன். சொன்னால் ஆரம்பித்து வைத்தது நான் என்று தெரிந்துவிடும். இந்த ஊரில் எனக்கு மிச்சமிருக்கிறது நீ ஒருத்திதான். பயந்துவிட்டேன்.

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்து நாள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. குறை சொல்ல எனக்கு வாயில்லை.

8

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஆறாவது நினைவு நாள். எங்கள் பக்கத்தில் புதைப்பதுதான் வழக்கம். ஒவ்வொரு வருஷமும் பூவும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு நான் மட்டும்தான் போய் வருவேன். திவ்யாவுக்கு எப்போதும் டியூஷனோ பரீட்சையோ இருக்கும். இந்த வருஷம் நான் செருப்பை மாட்டும்போது அவளும் வந்து செருப்பை மாட்டினாள். ஆட்டோவில் இரண்டு ஓரமாக உட்கார்ந்து போனோம்.

இடத்தைக் காட்டினேன். புல்லைப் பிடுங்கிவிட்டுப் பூவை வைத்தேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"எந்தப் பக்கம் தலை?"

தெற்குப் பக்கத்தைக் காட்டினேன். அங்கே போய் மண்ணிலேயே உட்கார்ந்தாள். துப்பட்டா அழுக்காவதைப் பார்க்கவில்லை. குனிந்து பேச ஆரம்பித்தாள். கன்னடமோ இங்கிலீஷோ பேசவில்லை. அவளுக்கு வருகிற அந்த உடைந்த தமிழில், வார்த்தை கிடைக்காத இடத்தில் நிறுத்தி, தேடி, மறுபடி தொடங்கிப் பேசினாள்.

நான் கேட்கக் கூடாதென்று நாலைந்து அடி பின்னால் போய் நின்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. நானும் கூப்பிடவில்லை. ஆறு வருஷத்துப் பேச்சு. முடிகிறவரை நிற்கலாம் என்று நின்றுகொண்டிருந்தேன்.